28/4 மிதவைத் தீவனம்: திலேப்பியா குட்டைக்கு இந்த மூட்டை போதுமா?

மீன் தீவனக் கடைக்குப் போய் "திலேப்பியாவுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் 28/4 மூட்டையைத்தான். முன்னே நிற்கும் 28 புரதச் சதவீதம், பின்னே நிற்கும் 4 கொழுப்பு. இங்கே எழுதுவது ஏதோ ஒரு கம்பெனி மூட்டையைப் பற்றி இல்லை. சாக்கின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், இந்த 28/4 வகை எந்த மீனுக்கு, எந்தத் தண்ணீருக்கு, எந்த வயதில் பொருந்தும் என்பதையும், வாங்கி வந்த மூட்டையின் தரத்தைக் கரையிலேயே எப்படிப் பார்ப்பது என்பதையும் பற்றித்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 50 கிராம் தாண்டிய கிஃப்ட் திலேப்பியாவுக்கு, பச்சைத் தண்ணீர் நிற்கும் மண் குட்டையில் இது நல்ல தீவனம். கொடுக்கும் காசுக்குத் தகும். அதே மூட்டையைத் தெளிந்த தண்ணீர்த் தொட்டியிலோ கூண்டிலோ போட்டால் மீன் இளைக்கும். குஞ்சுக்கு இது ஆகவே ஆகாது. கட்லா, ரோகு, மிர்கால் கூட்டு வளர்ப்புக்கு இது தேவைக்கு மேல்.

ஏன் குட்டைக்குக் குட்டை தீர்ப்பு மாறுகிறது? பச்சைத் தண்ணீரில் பாசியும் நுண்ணுயிரும் இருக்கின்றன. திலேப்பியா அதை நாள் முழுக்க மேய்கிறது. புரதத்திலும் வைட்டமினிலும் ஒரு பங்கு அங்கிருந்தே கிடைத்துவிடுவதால் 28 போதுமானதாகிறது. தெளிந்த தண்ணீரில் அந்த மேய்ச்சல் கிடையாது. மூட்டையில் இல்லாதது மீனுக்கு வேறெங்கிருந்தும் வராது. அங்கே 30, 32 சதவீதப் புரதமும் முழு வைட்டமின், தாது கலவையும் உள்ள தீவனம்தான் வாங்க வேண்டும். கிஃப்ட் ரகம் 1988 முதல் பிலிப்பைன்ஸில் தலைமுறை தலைமுறையாக வேக வளர்ச்சிக்கென்றே தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. வேகமாக வளரும் உடம்பில் தீவனக் குறையும் சீக்கிரமே தெரிந்துவிடும். (குஞ்சை அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்தில் மட்டும் வாங்குங்கள், திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதியும் வேண்டும்.)

தீவனக் குருணையின் அளவைப் பொறுத்தவரை, மீன் எடை 50 கிராம் முதல் 150 கிராம் வரை 3 மி.மீ., அதற்கு மேல் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். குட்டையில் மீன்கள் ஒரே அளவில் இருக்காது. அதனால் 4 மி.மீ.க்கு மாறும்போது முதல் ஒரு வாரம் பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள். நேரடியாக மாற்றினால் சின்ன மீன்கள் வாயில் வாங்கித் துப்பும். பெரியது இன்னும் பெருக்கும், சிறியது அப்படியே நின்றுவிடும்.

மிதப்பதில் என்ன லாபம்

மாவும் புண்ணாக்கும் கலந்த கலவையை எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் நீராவியோடு 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் அழுத்தி, அச்சின் துளை வழியே வெளியே தள்ளுகிறார்கள். அழுத்தம் சட்டென்று விலகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பொரி போல உப்புகிறது. அந்தக் காற்றறைகளால்தான் குருணை மிதக்கிறது. மாவுச்சத்து வெந்துவிடுவதால் திலேப்பியாவுக்கு நன்றாகச் செரிக்கிறது. பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்களில் பெரும்பகுதியும் இந்தச் சூட்டில் அழிகிறது.

எங்கள் கணக்கில் பெரிய லாபம் வேறு: மீன் தின்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூழ்கும் தீவனத்தில் என்ன தின்றது, என்ன அடியில் அழுகுகிறது என்று தெரியாது. மிதவையில் பத்து நிமிடம் கரையில் நின்றால் குட்டையின் உடல்நிலையே தெரிந்துவிடும். நேற்று தண்ணீர் கொதிப்பது போல் மேலே வந்து அள்ளிய கூட்டம் இன்று ஓரமாக வந்து ஒவ்வொன்றாகக் கொத்தினால், ஆக்சிஜனோ அம்மோனியாவோ நோயோ, எதுவோ ஒன்று தொடங்கிவிட்டது. செத்த மீன் மிதப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது. கூலியாள் மூட்டையைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் போகும் குட்டையில் இந்தத் தீவனத்துக்குக் கொடுத்த அதிக விலையில் பாதி வீண்.

இதே சூடு ஒரு கெடுதலும் செய்கிறது. சாதாரண வைட்டமின் சி எக்ஸ்ட்ரூடரில் பெருமளவு அழிந்துவிடும். பெரும்பாலான வளர்ப்பு மீன்களால் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்ள முடியாது. குறைந்தால் முதுகெலும்பு வளையும், செவுள் மூடி குட்டையாகும், காயம் ஆறாது. அதனால் சூட்டைத் தாங்கும் பாஸ்பேட் வடிவ வைட்டமின் சி சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளில் பாருங்கள். இல்லையென்றால் விற்பனையாளரைக் கேளுங்கள். வீச்சு வலையில் வந்த மீன்களை வரிசையாகப் படுக்க வைத்து மேலிருந்து பார்த்தால், முதுகு 'ட' போல ஒடிந்த மீன் தனியே தெரியும். ஒன்றிரண்டு என்றால் குஞ்சிலேயே வந்த ஊனமாக இருக்கலாம். வாரத்துக்கு வாரம் கூடினால் தீவனத்தைச் சந்தேகியுங்கள்.

லேபிளில் படிக்க வேண்டியது

எல்லோரும் புரத எண்ணைப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கிவிடுகிறார்கள். அந்த எண் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி வருவது. எந்தப் பொருளிலிருந்து வந்த நைட்ரஜன் என்று அது சொல்லாது. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது; அவற்றில் லைசினும் மெத்தியோனினும் கடலைப் புண்ணாக்கில் குறைவு, சோயாவில் மெத்தியோனின் குறைவு. இவற்றை ஈடுகட்ட மீன்தூளோ தனி அமினோ அமிலமோ சேர்க்காமலேயே மூட்டையில் 28 என்று அச்சிட முடியும். யூரியா கலந்தாலும் எண் ஏறும். மீனுக்கு அதனால் ஒரு கிராம் சதைகூட ஏறாது.

யூரியா கலப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குருணையை இடித்த தூள் இரண்டு கரண்டியை இரண்டு பாட்டில்களில் பிரித்துப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் அரைக் கரண்டி வறுக்காத பச்சை சோயா மாவு சேர்த்து இரண்டையும் இறுக மூடுங்கள். அரை மணி கழித்துத் திறந்து முகர்ந்தால், யூரியா இருந்தால் சோயா போட்ட பாட்டிலில் மட்டும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். பச்சை சோயாவில் உள்ள யூரியேஸ் நொதி செய்யும் வேலை அது. இன்னொரு பாட்டில் ஒப்பிடுவதற்கு. மீன்தூளின் இயல்பான வாடையை யூரியா என்று தப்பாக நினைத்துவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

லேபிளில் புரதத்துக்கு அடுத்து ஈரப்பதம் பாருங்கள். 12-க்கு மேல் போகக் கூடாது, 10-க்குள் இருந்தால் நல்லது. நார்ச்சத்து 7, 8 என்று ஏறினால் தவிடு அதிகம் என்று பொருள். கழிவு கூடும், அடிச் சேறு கூடும். அமிலத்தில் கரையாத சாம்பல் என்று ஒரு வரி இருக்கும்; அது மணல். தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் இல்லாத மூட்டையை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

வாளியும் சல்லடையும்

ஒரு லிட்டர் குவளையில் தலைதட்டி எடை போடுங்கள். நன்றாக மிதக்கும் குருணை ஏறத்தாழ 350 முதல் 450 கிராம் வரும். 500-ஐத் தாண்டினால் சில மிதக்கும், சில மூழ்கும். 300-க்குக் கீழே போனால் காற்றுதான் அதிகம். கையில் அழுத்தினால் பொடிந்துவிடும்.

அடுத்து, குட்டைத் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து 100 குருணைகளை எண்ணிப் போடுங்கள். 15 நிமிடத்தில் ஐந்துக்கு மேல் மூழ்கினால் தரம் சரியில்லை. அரை மணியில் எடுத்து விரலுக்கிடையில் நசுக்குங்கள்: வெளியே மெத்தென்றும் உருவம் கலையாமலும் இருந்தால் நல்லது. தொட்டதுமே மாவாகக் கரைந்தால் அந்த மாவு மீன் வாய்க்குப் போகாது, செவுளில்தான் போய் ஒட்டும். வாளித் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் விரிந்தால், கொழுப்பு குருணைக்குள் இறங்காமல் மேல் பூச்சாகவே நிற்கிறது.

தூசியைக் கண்டிப்பாக எடை போடுங்கள். 25 கிலோ மூட்டையை 2 மி.மீ. சல்லடையில் சலித்தால் அரை கிலோவுக்கு மேல் தூள் விழக் கூடாது. விழுந்தால் நீங்கள் தீவன விலை கொடுத்துத் தண்ணீருக்கு உரம் வாங்கியிருக்கிறீர்கள்.

கடைசியாக மூக்கு. நல்ல தீவனத்தில் கருவாடும் வறுத்த மாவும் கலந்த வாடை இருக்கும். சிக்கு வாடை, அதாவது பழைய எண்ணெய்ப் பலகாரத்தில் வரும் காறல் நெடி வந்தால் கொழுப்பு கெட்டுவிட்டது. கெட்ட கொழுப்பு தீவனத்தில் உள்ள வைட்டமின் இ-யைத் தின்றுவிடும், பிறகு மீனின் கல்லீரலைப் பிடிக்கும். பூசண வாடையோ கட்டி கட்டியாக ஒட்டிய குருணையோ இருந்தால் அது அதைவிட ஆபத்து.

பூசணம்: இதில் சமரசம் வேண்டாம்

1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. காரணம் தேடியபோது கிடைத்தது தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கு. அதில் பூசணம் உண்டாக்கிய நச்சுதான் அஃப்ளாடாக்சின். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கப் பொரிப்பகங்களில் டிரவுட் மீன்களுக்குக் கல்லீரல் கட்டி பரவியது. அங்கே குற்றவாளி பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, நச்சு அதேதான். நம் தீவனத்திலும் கடலை, பருத்தி, மக்காச்சோளம் எல்லாம் இருக்கின்றன. நம் வெயிலும் மழைக்கால ஈரமும் அந்தப் பூசணத்துக்குப் பிடித்தமானவை. திலேப்பியா டிரவுட்டைப் போல உடனே விழாது, மெதுவாக இளைக்கும்: தீனி குறையும், வளர்ச்சி நிற்கும், கல்லீரல் வெளுக்கும், சின்ன நோய்க்கே சாகும். வெயிலில் காயவைத்தால் பூசணம் மறையும், நச்சு போகாது. அந்த மூட்டையை மீனுக்கும் போடாதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மீன்களை உடனே உயிர்போகும்படி கொன்று அறுத்துப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்த கல்லீரல் செம்பழுப்பாக, ஓரம் கூர்மையாக, விரல் பட்டால் உடையாமல் இருக்க வேண்டும். வெண்ணெய் நிறத்தில் வீங்கி, கத்தியில் எண்ணெய் ஒட்டினால் அளவுக்கு மீறிய தீனியோ கெட்ட கொழுப்போ காரணம். குடல் காலியாக, வெள்ளை நூல் போன்ற சளி மட்டும் இருந்தால் மீன் தின்னவே இல்லை. நீங்கள் போட்டதெல்லாம் சேற்றில் கிடக்கிறது.

மூட்டைகளைத் தரையில் அடுக்காதீர்கள். அரை அடி உயர மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, எட்டு மூட்டைக்கு மேல் உயராமல் அடுக்குங்கள். தகரக் கொட்டகைச் சூட்டில் வைட்டமினும் கொழுப்பும் வேகமாகக் கெடும். கீற்றுக் கொட்டகையே மேல். தயாரித்து மூன்று மாதத்துக்குள் தீர்க்க முடிகிற அளவுக்கே வாங்குங்கள். மொத்தமாக வாங்கி மூட்டைக்குக் கொஞ்சம் மிச்சம் பிடித்து, ஐந்தாம் மாதம் சிக்கு வாடைத் தீவனத்தைப் போடுகிறவர்களே அதிகம்.

எவ்வளவு போடுவது: ஒரு 25 சென்ட் குட்டை

நல்ல மூட்டை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 25 சென்ட் என்பது சுமார் 1,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு மூன்று வீதம் 3,000 குஞ்சு விட்டு, 2,700 உயிரோடு இருக்கிறது, சராசரி எடை 150 கிராம் என்றால் குட்டையில் 405 கிலோ மீன். இந்த வயதில் எடையில் 3 சதவீதம் தீவனம். நாளுக்கு 12 கிலோ. கணக்கு சரி. குட்டை தாங்குமா?

ஒரு கிலோ 28 சதவீதத் தீவனத்தில் 280 கிராம் புரதம். அதில் 45 கிராம் நைட்ரஜன். மீன் தன் சதையில் வைத்துக்கொள்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் 30 கிராம், பெரும்பகுதி செவுள் வழியே அம்மோனியாவாக, தண்ணீருக்குப் போகிறது. 12 கிலோவுக்கு 360 கிராம். ஒன்றரை மீட்டர் ஆழக் குட்டையில் இது லிட்டருக்குக் கால் மில்லிகிராம், ஒவ்வொரு நாளும். வெயில் இருக்கும் வரை பாசி இதைத் தின்று சமாளிக்கும். மூன்று நாள் மூடாப்பு போட்டாலோ பாசி ஒரேயடியாகச் செத்தாலோ அத்தனையும் தேங்கும். அதன் மேல் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறினால் கதை முடிந்தது: 30 டிகிரித் தண்ணீரில் பி.எச். 7 என்றால் அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். 8-இல் ஏழெட்டுப் பங்கு. 9-இல் கிட்டத்தட்ட பாதி. பாசி அடர்ந்த குட்டையில் பிற்பகல் மூன்று மணிக்கு 9 வருவது சாதாரணம்.

அதனால் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) இல்லாத குட்டையில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிலோ தீவனத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே பாதுகாப்பான எல்லை. 25 சென்ட்டுக்கு அது 3 முதல் 5 கிலோ. மேலே சொன்ன 12 கிலோவுக்கு ஏரேட்டர் இருந்தே ஆக வேண்டும், இரவு முழுக்க ஓட வேண்டும். மின்சாரம் நம்பிக்கை இல்லாத இடத்தில் ஜெனரேட்டரும் வேண்டும். அது முடியாதென்றால் சதுர மீட்டருக்கு ஒன்று விடுங்கள். தீவனத்தைக் குறைத்துப் பட்டினி போட்டு மூன்றை வளர்க்காதீர்கள். பசித்த திலேப்பியா ஒன்றையொன்று துடுப்பைக் கடிக்கும். கடிபட்ட இடத்தில் பாக்டீரியா ஏறும்.

எடைக்கு ஏற்ற விகிதம் ஏறத்தாழ இப்படி: 50 கிராமில் 4 முதல் 5 சதவீதம், 150-இல் 3, 300-இல் 2, அதற்கு மேல் ஒன்றரை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சு வலையில் 50 மீன் பிடித்து எடைபோட்டு அளவைத் திருத்துங்கள். அட்டவணையை வேதமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, கடைசியில் கொஞ்சம் பசி மிச்சம் இருக்கிற அளவு, அதுதான் சரி.

நேரம் காலை 9 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள். விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். தின்ற மீனுக்குச் செரிக்க இன்னும் ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் காத்திருங்கள், 3-க்குக் கீழே அன்று தீவனமே வேண்டாம். மூடாப்பு நாளில் பாதி. ஓசூர்ப் பக்கம் மார்கழியில் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கும் நாட்களில் ஒரு வேளை, அதுவும் பிற்பகலில், மிகக் கொஞ்சம்.

காற்றடித்தால் மிதவை கரையோரம் ஒதுங்கிச் சேற்றில் காயும். இரண்டு அங்குல பி.வி.சி. குழாயில் பத்தடிச் சதுரம் கட்டி, அதன் கீழே ஒரு அடிக்கு வலைத்துணி தொங்கவிட்டால் குருணை உள்ளேயே நிற்கும். ஒரே சதுரம் போதாது. பலமான ஆண் மீன்கள் அதைக் காவல் காத்துக்கொண்டு சின்னதை விரட்டும். இந்தக் குட்டைக்கு மூன்று சதுரம் வையுங்கள்.

கெண்டை வளர்ப்பவர்களுக்கு

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் நிறைய தின்று வைக்க இடமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை தின்ன வேண்டும். இரைப்பை அமிலம் இல்லாததால் எலும்புத்தூளில் உள்ள பாஸ்பரஸையும் சரியாக எடுத்துக்கொள்ளாது. மிர்கால் அடியில் மேய்வது. மேலே மிதப்பது அதற்கு எட்டுவதில்லை. ஆந்திரத்தின் கொல்லேறு பகுதியில் எண்ணெய் எடுத்த தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் துளையிட்ட சாக்கில் நிரப்பி மூங்கிலில் கட்டித் தொங்கவிடும் முறை இந்த மீன்களின் பழக்கத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. மிதவைதான் வேண்டும் என்றால் 24/4 போதும், கூடவே இரண்டு சாக்கும் கட்டுங்கள்.

விலையைப் பார்க்கும் விதம்

கிலோ விலையைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு உதாரணக் கணக்கு: கிலோ 44 ரூபாய்த் தீவனம் 1.8 கிலோ போட்டால் ஒரு கிலோ மீன் வருகிறது என்றால் தீவனச் செலவு 79 ரூபாய். கிலோ 52 ரூபாய்த் தீவனம் 1.4 கிலோவில் அதே மீனைத் தந்தால் 73 ரூபாய்தான். மிச்சம் ஆறு ரூபாய். கூடவே 400 கிராம் தீவனத்தின் கழிவு குட்டைக்குப் போகவில்லை. நல்ல மிதவைத் தீவனம் என்றால் ஒரு கிலோ திலேப்பியாவுக்கு 1.3 முதல் 1.6 கிலோ வரைதான் செலவாக வேண்டும். 2-ஐத் தொட்டால் மூட்டை மோசம், அல்லது போடும் கை மோசம், அல்லது மீன் எண்ணிக்கை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. மூன்றாவதுதான் பெரும்பாலும் நடக்கிறது: கொக்கும் நீர்க்காகமும் கொண்டுபோன மீனுக்கும் சேர்த்துத் தீவனம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மூட்டையோடு 'வளர்ச்சி மருந்து' என்று பெயர் ஒட்டாத பொட்டலம் இலவசமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் ஆன்டிபயாடிக் இருக்கலாம். மீன் மருத்துவம் தெரிந்தவர் பரிசோதித்துச் சொல்லாமல் தீவனத்தில் மருந்து கலக்கக் கூடாது.

பிராண்டை மாற்றினால் ஐந்தாறு நாள் பழையதில் புதியதைக் கூட்டிக் கூட்டி மாற்றுங்கள். விற்பனைக்குப் பிடிப்பதற்கு ஒரு நாள் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுங்கள். குடல் காலியானால் வண்டித் தண்ணீர் கெடாது, மீனும் நெரிசலைத் தாங்கும். ஒவ்வொரு பேட்சிலும் அரை கிலோவை எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பேட்ச் எண்ணும் வாங்கிய தேதியும் எழுதி, அறுவடை முடியும் வரை நிழலில் வைத்திருங்கள். மீன் இளைத்தால் கடைக்காரரிடம் காட்டவும் ஆய்வகத்துக்கு அனுப்பவும் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த டப்பாதான்.